மியூசியம் பார்த்தவர்கள்

பாரிஸுக்குப் போய்வந்த தமிழ் எழுத்தாளர் லூவ்ர் பார்த்தாக வேண்டும். பார்த்ததை எழுதியாக வேண்டும். என்ன எழுதுவது என்பதும் ஏறத்தாழ முன்கூட்டியே தீர்மானமாகிவிட்ட விஷயம்: கியூ நீளமாக இருந்தது, மோனாலிசா எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருந்தாள், புன்னகை மர்மமாக இருந்தது. பிறகு ஒரு பெருமூச்சு - நம் நாட்டில் இப்படிப் பாதுகாக்கிறார்களா? அங்கே காட்சியில் இருப்பவை சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலும் 290 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நம்மவர் காலையில் நுழைந்து மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடுகிறார். அவர் பார்த்தது மியூசியத்தை. அதில் இருந்த எதையும் அல்ல.

என் ஆட்சேபம் பயணத்தின் மீது இல்லை. யாரும் எங்கும் போகலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது இங்கே இலக்கியமாக அங்கீகாரம் பெறுகிறதே, அதன் மீதுதான். அதுவும் பிரான்ஸோடு உறவு கொண்டாடும் இந்தப் பாண்டிச்சேரியில், பாரிஸ் மியூசியங்களின் பெயர்களை உச்சரிப்புச் சுத்தத்தோடு சொல்லத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் செயின்ட் லூயி வீதியில் பாரதி பூங்காவுக்கு எதிரே இருக்கிற மியூசியத்துக்குள் இரண்டாவது முறை நுழைந்திருக்கிறார்கள்? முதல் முறை பள்ளிக்கூடத்தில் வரிசையாக அழைத்துப் போயிருப்பார்கள். அது கணக்கில் சேராது.

மியூசியத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு நம் ஊரைச் சேர்ந்த உதாரணமே இருக்கிறது. 1944ல் மார்ட்டிமர் வீலர் சென்னை மியூசியத்தின் ஒரு அலமாரியில் ஜாடி ஒன்றின் உடைந்த கழுத்தையும் கைப்பிடியையும் பார்த்தார். மத்தியதரைக்கடல் நாடுகளில் ஒயின் ஏற்றி அனுப்பும் ஆம்போரா அது. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பாண்டிச்சேரிப் பக்கம் என்றார்கள். உடனே இங்கே வந்தார். பொது நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னும் பல ஆம்போராத் துண்டுகள் இருந்தன. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பாத்திர ஓடுகளும் இருந்தன. மறு வருஷம் அரிக்கமேட்டில் அகழ்வு. தென்னிந்தியத் தொல்லியல் காலக் கணிப்புக்கு ஒரு திடமான பிடிப்பு அதில்தான் கிடைத்தது. அந்த அலமாரியைக் கடந்து வேறு பலரும் போயிருப்பார்கள். அவர்களிடம் கேள்வி இல்லை, இவரிடம் இருந்தது.

ஆனால் வீலரைக் கும்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் ரோமைத் தேடி வந்தார், ரோமைக் கண்டார். தன் அறிக்கையில் அரிக்கமேட்டுக்கு அவர் தந்த பெயரே இந்தோ-ரோமானிய வியாபார நிலையம் என்பது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, கடல் வாணிபம் இருந்தது என்பதை நிலைநாட்ட 1989-92ல் விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்ட வேண்டியிருந்தது. தேடிப் போனவனுக்கும் பாதிதான் தெரியும். ஆகவேதான் இன்னொருவன் இன்னொரு கேள்வியோடு திரும்பப் போக வேண்டியிருக்கிறது. ஊர் சுற்றப் போகிறவனின் ஒற்றை வருகை இந்தக் காரியத்துக்கு உதவவே உதவாது.

அந்த இன்னொரு கேள்வி நம்முடையதாக இருந்திருக்க வேண்டும். அரிக்கமேட்டுப் பானையோடுகளில் சில, தமிழ் பிராமி எழுத்துக் கீறியவை. இந்த ஊர் மண்ணில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய தமிழ்க் கையெழுத்து அது. பானையில் ஒருவன் தன் பெயரைக் கீறுகிறான் - எழுதுகிறவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நமக்கு இதைவிட நெருக்கமான காட்சிப்பொருள் லூவ்ரில் எது? கல்வெட்டு அறிஞர்கள் அதைப் படித்தார்கள். இலக்கியக்காரன் அது தன் விஷயம் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டான். அவன் கவிதையில் பிக்காஸோ வருவார்; பானையோடு வராது.

பாரிஸிலேயே, கீமே மியூசியத்தில், காஞ்சிபுரத்துப் பக்கத்து யோகினி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். சுமார் 10ஆம் நூற்றாண்டுச் சிற்பம். அவளுடைய சகோதரிகள் லண்டனில், வாஷிங்டனில், டொராண்டோவில். 1920களில் இவர்களைத் தேடிச் சேகரித்து லூ என்ற பாரிஸ் கலைப்பொருள் வியாபாரியிடம் சேர்ப்பித்தவர் ழூவோ துப்ரெய் - இதே பாண்டிச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். அரிக்கமேட்டுக்கும் ரோமுக்கும் உள்ள தொடர்பை 1930களில் கண்டு சொன்னவரும் அவரே. பார்க்கத் தெரிந்த ஒருவர் இங்கே இருந்தார். பார்த்ததில் ஒரு பகுதியைக் கப்பல் ஏற்றினார். பாரிஸ் பயணக் கட்டுரை இந்த இடத்தில் அல்லவா தொடங்க வேண்டும்? நம்மவர் அவள் முன் நின்று, தமிழ்ப் பண்பாட்டுக்கு அங்கே கிடைத்த மரியாதையை எண்ணி மெய்சிலிர்க்கிறார்.

நம் மியூசியங்களில் தூசி, வெளிச்சம் போதாது, பெயர்ச்சீட்டு சரியில்லை என்பார்கள். இருக்கட்டும். வீலர் பார்த்த அலமாரியில் அது ஆம்போரா என்று பெயர்ச்சீட்டா அவருக்குச் சொன்னது? ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, நல்ல வெளிச்சத்தில்தான் வைத்திருந்தது. அது கோயிலிலிருந்து திருடியது என்பதற்குச் சாட்சியாக நின்றது 1994ல் எடுத்த ஒரு புகைப்படம். அந்தப் படம் இருந்தது இதே செயின்ட் லூயி வீதியில், பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில். 2014ல் சிலை திரும்பி வந்தது. யாரோ ஒருவர் அந்தச் சின்ன ஊருக்குப் போய், கோயிலுக்குள் நின்று, அந்த ஒரு சிலையைப் பார்த்துப் பதிவு செய்தார். பார்வை என்பதற்கு இவ்வளவு கனம் உண்டு. விமர்சனத்தில் ‘பார்வை’ என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பத்து முறை உபயோகிக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் ஐம்பது பேர் இருப்பீர்கள். ஒரு சவால். ஒரு பொருள் - மணியோ, ஓடோ, செப்புச் சிலையோ. நான்கு முறை போய்ப் பாருங்கள். இரண்டு பக்கம் எழுதுங்கள். அதன் அளவு, நிறம், உடைந்த இடம், செய்தவனின் கை எங்கே தெரிகிறது என்பது எல்லாம் அதில் வரட்டும், மெய்சிலிர்ப்பு வேண்டாம். அப்படி எழுத உட்கார்ந்தால்தான் ஒரு பொருளை விவரிக்க நம் உரைநடையில் எவ்வளவு குறைவான சொற்களைப் பழக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பது தெரியும். அதற்குப் பிறகு லூவ்ர் போங்கள். அதுவரை லூவ்ர் கட்டுரைகளை இந்தப் பக்கங்களுக்கு அனுப்ப வேண்டாம்.