மருமகன்மாரை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?



நிக்காஹ் அழைப்பிதழை ஆங்கிலத்தில் அச்சிடுவோர் பலர், மருமகன்மாரைக் குறிக்க ‘ஸன் இன் லாஸ்’ என்று எழுதிவிடுகின்றனர். ‘ஸன்ஸ் இன் லா’ என்பதே சரி. மகன்மார்தாம் பலர், ‘லா’ எனும் சட்டம் ஒன்றே. மாமியார் இருவரெனில் ‘மதர்ஸ் இன் லா’.

அதென்ன சட்டம் என்கிறீர்களா? திருமணத்தால் உறவானவருள் எவரை மணக்கலாகாது என வரையறுத்த கிறிஸ்தவத் திருச்சபைச் சட்டம். மனைவி இறந்தபின் அவள் சகோதரியை மணப்பதும் அதில் விலக்கப்பட்டிருந்தது. அத்தகைய மணம் செல்லாதென 1835இல் இங்கிலாந்து சட்டமே இயற்றியது. 1907இல்தான் அத்தடை நீங்கிற்று. நம் ஷரீஅத்தோ சகோதரியர் இருவரை ஒருசேர மனைவியராகக் கொள்வதைத்தான் விலக்கியுள்ளது. மனைவி மறைந்தபின் அவள் தங்கையை மணக்கத் தடையில்லை.

அந்த 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: ‘டிஸீஸ்ட் வைஃப்ஸ் ஸிஸ்டர்ஸ் மேரேஜ் ஆக்ட்’. உடைமை காட்டும் ‘அப்பாஸ்ட்ரஃபி’ எனும் மேற்குறி அடுத்தடுத்து இருமுறை! பிழையன்று, ஆனால் மூச்சு வாங்குகிறது. நாடாளுமன்றமே எழுதியதென நாமும் அவ்வாறு எழுத வேண்டியதில்லை.

உடைமையைச் சொல்லும்போது மட்டும் மேற்குறியும் எஸ்ஸும் இறுதிச் சொல்லாகிய ‘லா’வையே சேரும். மைத்துனர் ஒருவரின் கடை ‘பிரதர் இன் லாஸ் ஷாப்’. மைத்துனர் இருவருடைய கடையெனில் ‘பிரதர்ஸ் இன் லாஸ் ஷாப்’ என இரண்டு எஸ் வரும். இலக்கணம் இதனை ஏற்கும், கண்தான் இடறும். ‘தி ஷாப் ஆஃப் மை பிரதர்ஸ் இன் லா’ என்று பிரித்தெழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதியனுப்பும் பவர் பத்திரத்தில் ஓர் எஸ் விடுபட்டால், கடை ஒருவருக்கா இருவருக்கா என்று குடும்பத்துக்குள் வழக்கே மூளலாம்.

இன்னொன்று. மனைவியின் சகோதரர், கணவரின் சகோதரர், சகோதரியின் கணவர் ஆகிய மூவரும் ஆங்கிலத்தில் ‘பிரதர் இன் லா’தான். மச்சானையும் கொழுந்தனையும் பிரித்தறியும் நமக்கு இது விந்தையே. ஆதலால் விசா விண்ணப்பத்தில் உறவை விளக்க நேர்ந்தால் ‘மை வைஃப்ஸ் பிரதர்’ என்றே எழுதிவிடுங்கள். அங்கே ஒரே மேற்குறிதான், தயங்க வேண்டாம்.

‘மர்ஹூம்’ என்பதற்கு ஈடாக ‘லேட்’ எழுதும் முறையை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.