ஏஞ்சல் இளைத்த கதை

மனுஷன் இளைத்தால், "என்னய்யா, ஜிம்முக்குப் போறியா?" என்று விசாரிக்க நாலு பேர் இருக்கிறார்கள். மீன் இளைத்தால் யாரும் கவனிப்பதுகூட இல்லை. நானும்தான் கவனிக்கவில்லை.

கொளத்தூர் வண்ண மீன் மார்க்கெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஏஞ்சல் வாங்கி, பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மூன்றாவது மாதம் ஒன்று இளைக்க ஆரம்பித்தது. ஏஞ்சல் பிறவியிலேயே தட்டை. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது நம்மை நேருக்கு நேர் பார்க்கும்போதுதான் தெரியும்: வயிறு ஒட்டி, நெற்றிக்கு மேலே சதை வற்றி, ஷேவிங் பிளேடு மாதிரி இருந்தது. தீனி போட்டால் ஓடி வரும். வாயில் வாங்கும். துப்பிவிடும்.

ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கல் உப்பு போடு. நீல மருந்து ஊற்று. சுற்றிப் போடு. மூன்றையும் செய்தேன். சொட்டு நீலத்தில் வேட்டி அலசிய பக்கெட் மாதிரி ஆகிவிட்டது தொட்டி. ஃபில்டரில் குடியிருந்து மீன் கழிவைச் சுத்தம் பண்ணும் நல்ல பாக்டீரியாவையும் அந்த நீலம் ஒரு கை பார்த்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நாலாம் நாள் காலை அது மிதந்தது. ரோஜாத் தொட்டியில் புதைத்தேன்.

அடுத்த வாரமே இரண்டாவதும் துப்ப ஆரம்பித்தது.

இந்த முறை ஆபீஸில் வாயைத் திறக்கவில்லை. நேராக ஒரு கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. "எச்சம் எப்படி இருக்கு?" என்றார்.

"பார்க்கலை ஸார்."

"போய்ப் பாருங்க. அதான் ரிப்போர்ட்!"

டார்ச் அடித்து ராத்திரி பத்து மணி வரை காத்திருந்தேன். (மாப்பிள்ளை வரவுக்குக்கூட யாரும் இப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.) வெள்ளை நூல் மாதிரி தொங்கியது. மறுநாள் சொன்னேன். சிவப்பு நூலாக ஆசனவாயில் நீட்டிக்கொண்டிருந்தால் கமல்லானஸ் புழுவாம். அதற்கு ஆட்டுக்குக் கொடுக்கும் லெவாமிசோல். வெள்ளை நூலும் துப்பலும் என்றால், குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற ஒற்றைச் செல் கிருமியாக இருக்கலாம். மீன் சோர்ந்த நேரம் பார்த்துப் பெருகும்.

"முதுகு வளைஞ்சிருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்லை."

"பிழைச்சீங்க."

வளைந்திருந்தால் மீன் காசநோயாக இருக்கலாமாம். அந்தக் கிருமியை 1926-ல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து ஆரன்சன் என்பவர் பிரித்தெடுத்தார். நம்பகமான மருந்து கிடையாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நமக்கும் தொற்றும், தோலில் ஆறாத கட்டியாக. என் விரலில் இருந்த பிளாஸ்திரியைப் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

சீட்டில் மெட்ரோனிடசோல் எழுதினார். அமீபா பேதிக்கு நாம் விழுங்குகிற அதே மாத்திரை. மெடிக்கல் ஷாப்காரர் படித்தார்: "ஏஞ்சல்... எட்டு மாசம். குழந்தைக்கா ஸார்?"

"ம்."

"மாத்திரையை முழுங்குமா?"

"தண்ணியில கரைச்சு..."

"குடுப்பீங்களா?"

"இல்லை. அதுக்குள்ளயே விட்டுடுவேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

தனி டப்பில் 40 லிட்டர் தண்ணீருக்கு 250 மில்லிகிராம். பொடி பண்ணி, கரைத்து ஊற்ற வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தைக் கரியே சாப்பிட்டுவிடும்! காற்றுக்குழாய் மட்டும் ஓடலாம்.

ஐந்தாம் நாள் ஒரு ரத்தப்புழு போட்டேன். வாங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு துப்புவதற்காகக் காத்திருந்தேன். துப்பவில்லை. இன்னொன்று போட்டேன். அதுவும் உள்ளே போனது. அன்றைக்கு ஆபீஸுக்கு அரை மணி லேட். காரணம் கேட்டதற்கு "வீட்ல உடம்பு சரியில்லை" என்றேன், பொய் இல்லை. நெற்றிச் சதை திரும்ப ஒன்றரை மாதம் ஆயிற்று.

போன வாரம் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். மெடிக்கல் ஷாப்காரர் கவலையாகக் கேட்டார்: "குழந்தைக்குத் தேவலையா ஸார்?"

"நல்லாயிருக்கா. நேத்துதான் தொட்டி கழுவினேன்."

மீதிச் சில்லறையை அவர் தூரத்திலிருந்தே நீட்டினார்.