"இது சிங்கப்பூர் செட், மேடம்"

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



திருச்சியிலிருந்து எழுதுகிறேன். வீட்டு மாடியில் ஓர் அறையில் உட்கார்ந்து 3டி அனிமேஷன் செய்பவள் நான். நகைக்கடை விளம்பரத்தில் மோதிரம் சுழல்வதும், இன்னும் அஸ்திவாரம்கூடப் போடாத வீட்டுக்குள் நீங்கள் நடந்து பார்ப்பதும் என்னைப் போன்றவர்கள் செய்யும் வேலை. இதற்கு வலுவான கிராபிக்ஸ் சிப் உள்ள கணினி வேண்டும். கடையில் அதைக் கேமிங் லேப்டாப் என்று விற்கிறார்கள். பெயரைக் கேட்டதும் பலர் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடுகிறார்கள். தையல்காரருக்கு மெஷின் எப்படியோ அப்படித்தான் எனக்கு அது.

கடந்த ஆண்டு பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த என் அண்ணன் அதை வாங்கி வந்தார். விலை 2,800 டாலர். நான் தேடிய மாடல் அப்போது இந்தியக் கடைகளில் கிடைக்கவில்லை. பெட்டியின் மேலேயே 'இரண்டு ஆண்டு சர்வதேச வாரண்டி' என்று அச்சிட்டிருந்தது. அண்ணன் அதோடு விடாமல், "இந்தியாவில் செல்லுமா?" என்று கடைக்காரரிடமும் கேட்டிருக்கிறார். செல்லும் என்றுதான் பதில். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பது நம் சுங்க விதி. ஆகவே ஒளிவுமறைவாக வந்த பொருள் இல்லை. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் நேரடி விமானங்கள் பறக்கின்றன. எங்கள் ஊர்ப்பக்கம் இப்படி வந்த லேப்டாப் இல்லாத தெருவே இல்லை என்று சொல்லலாம்.

ஏழாவது மாதம் ஓர் இரவு, ஒரு வேலையை ரெண்டர் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். திரையில் முதலில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு நிறங்கள் கட்டம் கட்டமாகச் சிதறின. அப்புறம் கறுப்பு. விசிறிகள் மட்டும் மிக்ஸி மாதிரி கத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருந்த சீரியல் நம்பரைத் தட்டினார். மறுபடி ஒருமுறை தட்டினார்.

"இது சிங்கப்பூர் செட், மேடம். எங்க சிஸ்டத்துல ஏறாது."

வாரண்டிக் கையேட்டை எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். அதே மாடல் விற்கப்படும் நாடுகளில் மட்டுமே வாரண்டி செல்லுமாம். இந்தியாவில் விற்பதற்கும் என்னுடையதற்கும் மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வேறு.

"சரி தம்பி, வாரண்டி வேண்டாம். காசு கொடுக்கிறேன். போர்டை மாத்திக் கொடுங்க."

"பார்ட் ஆர்டர் போடணும்னாலே சீரியல் நம்பர் கேக்கும் மேடம். இந்த நம்பருக்கு ஆர்டரே விழாது."

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கையில் இருந்தது ஒரு திரையும் அதில் வந்த சிவப்பு எழுத்தும்தான். ஆனால் அவர் சொன்ன இரண்டாவது பதிலுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். இலவசமாகச் செய்ய மாட்டோம் என்றால் அதில் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. வேறு நாட்டில் வசூலான பணத்துக்கு இங்கே செலவு செய்வதா என்று கேட்கலாம். முழுக் காசையும் வைத்துக்கொண்டு நிற்பவளிடம், உன் பொருளின் பிறந்த ஊர் சரியில்லை என்று உதிரிபாகத்தை விற்க மறுப்பதற்கு என்ன கணக்கு இருக்க முடியும்?

கம்பெனியின் இந்தியக் கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நாங்கள் விற்ற பொருள் இல்லை, வாங்கிய நாட்டை அணுகவும் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அணுகுவது எப்படி என்றும் பார்த்தேன். கூரியர்காரர் எடையைக் கேட்கவில்லை, பேட்டரியைத்தான் கேட்டார். 90 வாட்-ஹவர் லித்தியம் பேட்டரி என்றதும், தனிநபரிடம் விமானப் பார்சலாக வாங்க மாட்டோம் என்றுவிட்டார். விமானத்தில் லித்தியம் பேட்டரிக்குக் கட்டுப்பாடு இருப்பது நியாயம்தான், தீ விபத்துப் பயம். பயணி தன் கைப்பையில் கொண்டுபோக 100 வாட்-ஹவர் வரை தடையில்லை. பெரிய கேமிங் லேப்டாப்புகளின் பேட்டரி 99 என்ற எண்ணோடு நின்றுவிடுவது இதனால்தான். ஆக, பொருள் போக வேண்டுமென்றால் அதோடு ஓர் ஆளும் போக வேண்டும். பழுதுபார்க்க வெளிநாடு அனுப்பிய பொருள் திரும்பி வரும்போது பழுதுச் செலவுக்கும் போக்குவரத்து, இன்சூரன்ஸ் தொகைக்கும் மட்டும் வரி கட்டினால் போதும் என்று சுங்கத்தில் சலுகை உண்டு. அதைப் பெற, அனுப்பும்போதே ஏற்றுமதி ஆவணம் போட்டிருக்க வேண்டும், அதே பொருள்தான் திரும்பி வந்தது என்று காட்டவும் வேண்டும். ஒற்றை லேப்டாப்புக்காகத் தனியாள் ஏறி இறங்கும் வேலையா இது?

கூரியர்காரரிடம் போவதற்கு முன் ஒருமுறை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. லேப்டாப்பைத் திறந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு விசிறிகளையும் செம்புக் குழாய்களையும் கழற்றி வைத்தார். சிப்பின் மேல் பாதரசம் மாதிரி ஒரு படலம் மினுங்கியது. "திரவ உலோகம் அக்கா. சூட்டை நல்லா இழுக்கும். ஆனா கரண்ட்டைக் கடத்தும், ஒரு துளி போர்டுல சிந்தினா போச்சு." வழித்துத் துடைத்து, மல்டிமீட்டர் முனையை அங்கங்கே வைத்துப் பார்த்தார். கிராபிக்ஸ் சிப்பைச் சுற்றிக் காவலுக்கு நிற்பதுபோல் நான்கு மெமரி சிப்புகள். அதில் ஒன்றை ட்வீஸரால் தொட்டுக் காட்டினார். "இந்த ஒண்ணாத்தான் இருக்கும்."

மேஜைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு தனி. கெட்டால் பிடுங்கிவிட்டு வேறு போடலாம். என்னுடையதுபோன்ற லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பும் அதன் மெமரி சிப்புகளும் ஒரே போர்டில் பற்றவைத்தவை. விரல் நகமளவு சிப் ஒன்று போனால் அங்கீகார மையம் போர்டையே மாற்றும், அதுவே லேப்டாப் விலையில் பாதியை விழுங்கும். இந்தத் தம்பியால் அந்தச் சிப்பை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்க முடியும். ஆனால் சர்க்யூட் படம் வேண்டும். அதைக் கம்பெனி வெளியே தருவதில்லை. "படம் இல்லாமக் கைய வெச்சு, உங்க வாரண்டியையும் நான் கெடுக்கக் கூடாதுக்கா" என்று அவரே மூடிக் கொடுத்தார். பார்த்த கூலிகூட வாங்கவில்லை. அவர் அலமாரியில் மாஸ்கிங் டேப் ஒட்டிய லேப்டாப்புகள் அடுக்கியிருந்தன. டேப்பின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: துபாய், தோஹா, துபாய், சிங்கப்பூர்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. நிறைவேறும் வாய்ப்பே இல்லாத பழுதுநீக்க வாக்குறுதியைத் தருவது முறையற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பொருள் வாங்கிய ஊரில்தான் என்றில்லாமல் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதும் அதே சட்டம் தந்த வசதி. ஆனால் என் வழக்கு யார் மேல்? விற்றவர் சிங்கப்பூரில். இங்கே பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர், நான் வேறு கம்பெனி என்கிறார். பெயர் ஒன்று, லோகோ ஒன்று, விளம்பரத்தில் வரும் நடிகர்கூட ஒன்றுதான்.

தங்கள் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில் அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. மொபைல், எலக்ட்ரானிக்ஸ் பொருள்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வகுக்கும் குழுவின் அறிக்கை 2025 மே மாதம் வந்தது. இவற்றையெல்லாம் நான் நம்பிக்கையோடு படித்து வருகிறேன். பிரான்சில் 2021 முதல் லேப்டாப்பின் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே, எளிதில் பழுதுநீக்க முடியுமா என்பதற்கு மதிப்பெண் போட்டாக வேண்டும். கலிபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து, 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களின் உதிரிபாகம், கருவி, பழுதுநீக்கக் குறிப்பு எல்லாவற்றையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும். அந்த மாடலின் உற்பத்தி நின்று ஏழு ஆண்டு ஆகும்வரை இது பொருந்தும். அங்கே வியாபாரம் செய்யும் அதே கம்பெனிகள்தான் இங்கேயும் கடை விரித்திருக்கின்றன.

நான் கேட்பதில் முதலானது, எந்த நாட்டுச் சீரியல் நம்பராக இருந்தாலும் காசு வாங்கிக்கொண்டு பழுதுபார்க்க இந்தியாவில் உள்ள அங்கீகார மையங்கள் மறுக்கக் கூடாது என்ற விதி. அது ஒன்று வந்தாலே எங்களில் பாதிப் பேரின் பாடு தீரும். 'சர்வதேச வாரண்டி' என்று போட்டு விற்கும் கம்பெனி, இந்தியாவில் அது செல்லுமா செல்லாதா என்பதைத் தன் இந்திய இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டாலே சொல்ல வேண்டும், பணம் கொடுக்கும் முன்பே தெரிய வேண்டும். ரிச்சி தெருத் தம்பிக்கு அந்தச் சர்க்யூட் படம் நியாயமான கட்டணத்தில் கிடைக்க வேண்டும். பழுதுநீக்கக் குறியீட்டில் லேப்டாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிடாதீர்கள். மாணவர்களும் என் போன்ற வீட்டுத் தொழிலாளிகளும் கடன் வாங்கி வாங்கும் பொருள் அது.

என் லேப்டாப் கடைசியில் அண்ணனின் நண்பர் ஒருவர் கைப்பையில் சிங்கப்பூர் போனது. அங்கே ஆறே வேலைநாளில் போர்டை மாற்றி, ஒரு காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்கள். போய்வர ஆள் கிடைத்து அது என் மேஜைக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது. அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஐந்து ஆண்டுப் பழக்கம்.

சிங்கப்பூர் ரசீதில் புதுப் போர்டின் பார்ட் நம்பர் இருந்தது. அதை ரிச்சி தெருத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். இந்தியாவில் விற்ற லேப்டாப் ஒன்று அவரிடம் சர்வீசுக்கு வந்திருக்கிறது. அதன் போர்டில் ஒட்டியிருந்த நம்பரும் அதுவே, ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அந்தப் படத்தையும், ரசீதையும், கம்பெனியின் ஒருவரிப் பதிலையும் இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். லேப்டாப்பை நேரில் பார்க்க வேண்டுமென்றால் தகவல் கொடுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஓர் அனிமேஷன் கலைஞர்