வியர்வை ஏறட்டும், சாமை இறங்கட்டும்

காரவள்ளியில இருந்து கொல்லிமலை ஏறுற பாதையில 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகிறவர்களுக்கே குமட்டல் எடுக்கிற ரோடு. போன மார்கழியில் அந்த ரோட்டை அறுபது பேர் சைக்கிளில் மிதித்து ஏறினார்கள். பெங்களூரில் கிளம்பி, ஏற்காடு ஏறி இறங்கி, மூன்றாம் நாள் கொல்லிமலை. "நான் இத்தனை கிலோமீட்டர் மிதிக்கிறேன், கிலோமீட்டருக்கு இவ்வளவு கொடு" என்று நண்பர்களிடமும் கூட வேலை செய்பவர்களிடமும் கேட்டு, சேர்ந்த பணத்தை மலையில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. சாப்பாட்டுக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டதால், அன்றைக்கு நானும் செம்மேட்டில் நின்றேன்.

பக்கத்தில் நின்ற ஒரு ஆயா, நாக்குத் தள்ள வருகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, கீழ இருந்து பஸ்ஸு ஓடலையா?"

"ஓடுது ஆயா. இவங்க தருமத்துக்கு மிதிக்கிறாங்க. மிதிக்கிறதுக்கு மத்தவங்க காசு குடுப்பாங்க, அதப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருவாங்க."

"அட, ரோடு வரதுக்கு முன்ன சாமையத் தலச்சொமையா எறக்குனோமே, எங்களுக்கு யாரு காசு குடுத்தா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் இறங்கவில்லை.

இந்த மாதிரிப் பயணங்களை நான் குறை சொல்ல வரவில்லை. 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணம் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என மூன்று மாநில மலைச்சாலைகளில் நடக்கிறது. அதைப் பார்த்துச் சின்னச் சின்னக் குழுக்களும் கிளம்பியிருக்கின்றன. கார் கண்ணாடிக்குள்ளே இருந்து மலையைப் பார்ப்பவனைவிட, மூச்சு வாங்க மிதிப்பவனுக்கு மலை கூடுதலாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளைகளின் மனசும் நல்ல மனசு.

ஆனால் அன்றைக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மதியச் சாப்பாடு கீழே இருந்து வேனில் வந்தது. வெள்ளை அரிசிப் பிரியாணிப் பொட்டலம், ஆளுக்கு மூன்று தண்ணீர் பாட்டில். "மலையிலேயே சாமைச் சோறு ஆக்கித் தர்றோம்" என்று நாங்கள் முன்கூட்டியே சொன்னதற்கு, "பழக்கமில்லாத சாப்பாடு, வயிற்றுக்கு ஒத்துக்காம போயிடும்" என்று மறுத்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி சாமைப் பாயசம் மட்டும் வைக்க அனுமதி வாங்கினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்து மணியில் இருந்து பகல் ஒரு மணி வரை வரிசையில் நின்று, பை வாங்கி, போட்டோவுக்குக் கைதட்டினார்கள். மறுநாள் வளைவு வளைவாகப் போய் பாட்டிலும் மிட்டாய்க் காகிதமும் பொறுக்கியது நாங்கள்தான்.

பாயசம் அரை மணியில் காலி. ஒரு தம்பி வந்து, "அண்ணா, இது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். எதிர்ச் சரிவைக் காட்டினேன். "முன்ன அங்கதான் விளைஞ்சுது தம்பி. இப்ப அது பூரா குச்சிக்கிழங்கு."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என்று வகைவகையாக விதைத்த மலை இது. கூடவே தினை, பனிவரகு, கேழ்வரகு. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. லாரி காட்டுக்கே வந்தது, காசு கையில் நின்றது. சாமையோ குத்தி உமி எடுப்பதற்குள் பெண்களின் தோள்பட்டை கழன்றுவிடும். குச்சிக்கிழங்குக்கு மாறிய உழவரைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மண்ணும் பொலபொலவென்று சேர்ந்து வருகிறது, அடுத்த மழை அதை ஓடைக்கு இழுத்துப் போகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். சாமையை வாங்க ஆள் நிரந்தரமாக இருந்தால் எத்தனையோ பேர் திரும்பி வருவார்கள்.

சரி, அந்த அறுபது பேர் ஒருவேளை சாமைச் சோறு சாப்பிட்டால் என்ன ஆகும்? ஆளுக்கு 100 கிராம் என்றால் 6 கிலோ அரிசி. அதனால் நாலு செண்டு நிலம்கூடப் பிழைக்காது. நானே ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது வேறு கணக்குப் போடுவோம். அந்த அறுபது பேரின் வீட்டுக்கும் மாதம் 5 கிலோ சாமை அரிசி. மாதத்துக்கு 300 கிலோ, வருசத்துக்கு 3,600 கிலோ. 100 கிலோ சாமை குத்தினால் ஏறக்குறைய 60 கிலோ அரிசி தேறும் என்று வைத்தால், 6,000 கிலோ தானியம் வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 300 கிலோ என்று குறைத்தே போட்டாலும், இருபது ஏக்கர். அறுபது குடும்பம் மனசு வைத்தால் இருபது ஏக்கர் சரிவில் சாமை நிற்கும், விதை நிற்கும், மண் நிற்கும். பை கொடுத்தால் இரண்டு வருசத்தில் கிழிந்துவிடும். அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் வருசா வருசம் சாமை வாங்கினால், பையை அவரே வாங்கிக் கொடுத்துவிடுவார்.

இதில் நம் பக்கமும் ஓட்டை இருக்கிறது. மேடையில் சிறுதானியப் பெருமை பேசுகிற நாம், கல் இல்லாத அரிசியை மாதம் தவறாமல் அனுப்புகிறோமா? சாமையை உமியோடு வைத்தால் வருசக் கணக்கில் இருக்கும். தீட்டாத அரிசியாக்கிவிட்டால் நாள்பட்டுச் சிக்கு வாடை வரும். அதனால் மாதாமாதம் குத்தி அனுப்ப மலையிலேயே உமி நீக்கும் இயந்திரம் ஓட வேண்டும். கரண்ட் போனால், பெல்ட் அறுந்தால் பார்க்க ஆள் வேண்டும். திரட்டிய நன்கொடையை இதற்குக் கொடுங்கள் என்று நாமும் வாய் திறந்து கேட்டதில்லையே.

இந்த வருசமும் அதே குழு போன் செய்தது. மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, சாப்பாடு மலையில் விளைந்ததாக இருக்கணும், ஆக்குகிற பெண்களுக்கு உரிய கூலி கொடுக்கணும். தண்ணீர் பானையில் இருக்கும், பாட்டில் வேண்டாம். இரண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தக் கூடாது. மூன்று, இறங்கும்போது ஒவ்வொரு சைக்கிளிலும் காசு கொடுத்து வாங்கிய இரண்டு கிலோ சாமை அரிசி இருக்கணும். அது தீர்ந்த பிறகும் மாதாமாதம் வாங்குவதாக எத்தனை பேர் பெயர் எழுதுகிறார்களோ, அத்தனை பேருக்கு நாங்கள் குத்தி அனுப்புகிறோம்.

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்ணா" என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தத் தடவை பாயசமும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஏற்காடு, ஜவ்வாது மலை, நீலகிரி என்று உங்கள் பக்கமும் சைக்கிள் வரும். வந்தால் நீங்களும் கேளுங்க. ஜவ்வாது மலையிலும் சாமைதான் விளைகிறது. கிழங்கு போட்ட சரிவில் மறுபடியும் சாமை விதைக்கலாமா என்று என்னிடம் கேட்கிற குடும்பங்கள் இருக்கிறார்கள். "வாங்க ஆள் இருக்கு" என்று அவர்களிடம் தைரியமாகச் சொல்வதற்கு, எனக்கு அந்த அறுபது பெயர் வேண்டும்.