கேட்கட்டும் என்று காத்திராதீர்கள்!

சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கடலூரிலிருந்து போகும்போது இளநீர் வாங்கிப் போனேன். "வேணாம்க்கா, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, எனக்கு ஆகாது" என்றாள். தண்ணீர்கூட டம்ளரில் அளந்துதான் குடிக்கிறாள், பாவம்.

"சொந்தத்துல யாராவது சிறுநீரகம் கொடுத்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றார்" என்பாள். "நீ தருவியா?" என்று மட்டும் கேட்டதேயில்லை. எப்படிக் கேட்பாள்? இரவல் புடவையா அது?

நானே முன்வந்தேன். மாமியார் பதறினார்: "உனக்கும் பிள்ளைங்க இருக்கே!" அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"பயப்படாதீங்கம்மா. வேலூர் சி.எம்.சி.யில் 1971லேயே வெற்றிகரமாகச் செய்த ஆபரேஷன் இது. கொடுப்பவர் உடம்பு முழுக்கத் தேறினால்தான் எடுப்போம். ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாக வாழலாம். ஆனால் எந்த ஆபரேஷனிலும் கொஞ்சம் ஆபத்து உண்டு. பிறகும் வருஷா வருஷம் பரிசோதனை வேண்டும்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

1994ஆம் வருஷச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன், மனைவி மனமுவந்து தரலாம். 2011இல் செய்த திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியையும் சேர்த்தது. விலைக்கு வாங்குவது குற்றம்.

எனக்குப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பொருந்துமோ, என்னவோ! ஆனால் விஷயத்தைச் சொன்ன அன்று, தங்கை என் கையை விடவேயில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நீங்களே பேச்சை ஆரம்பியுங்கள். "என்னால் முடியாது" என்று சொல்வதிலும் தவறில்லை. பேசாமலே இருந்துவிடாதீர்கள்.