ஊர்ப் பள்ளிக்கூடமும் நம்ம தோட்டம்தான்

எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் இந்த வருஷம் 19 பிள்ளைகள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், ஒரு சத்துணவுக் கூடம், மூன்று வேப்பமரம். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் 6 பேர் இந்த வருஷம் முடிந்ததும் வெளியே போய்விடுவார்கள். ஒன்றாம் வகுப்புக்கு இதுவரை பேர் கொடுத்திருப்பது இரண்டே வீடு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அடுத்த வருஷம் 15 பேர். நான் படித்த காலத்தில் இதே பள்ளியில் 90 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம்.

ஊரில் பிள்ளைகளே இல்லையா என்றால், இருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் நாங்கள் நாலு பேர் வீடு வீடாகப் போய் எண்ணினோம். தொடக்கப் பள்ளி வயதில் 41 பிள்ளைகள். 19 போக மீதி 22 பேரும் காலையில் ஏழே காலுக்கு வேன் ஏறி, 14 கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருக்கும் தனியார் பள்ளிகளுக்குப் போகிறார்கள்.

இயற்கை விவசாயப் பத்திரிகையில் பள்ளிக்கூடக் கதை எதுக்குங்க என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடம் மூடிய ஊரில் இயற்கை விவசாயம் ரொம்ப நாள் நிக்காது என்பது என் கருத்து. இரண்டும் வேற வேற பிரச்சினை இல்லை. ஒரே கணக்குதான்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். பீஸ், வேன், சீருடை, நோட்டுப் புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு வருஷம் 30,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது என்று அந்த வீட்டுக்காரர்களே சொல்கிறார்கள். 22 பிள்ளைகளுக்கு 6 லட்சத்து 60 ஆயிரம். ஒவ்வொரு வருஷமும் எங்கள் சின்ன ஊரை விட்டு வெளியே போகும் பணம் இது. நாம என்ன சொல்லி விவசாயிகளைக் கூப்பிடுகிறோம்? "உரத்துக்கும் மருந்துக்கும் விதைக்கும் கடைக்காரனுக்குக் கொண்டு போய்க் கொட்டாதீங்க, தோட்டத்துல இருக்கறத வெச்சே பண்ணுங்க" என்றுதானே. யூரியா மூட்டையை நிறுத்தியவர் பீஸுக்காக அதைவிடப் பெரிய தொகையைக் கட்டிக்கொண்டிருந்தால் அவர் கையில் என்ன மிஞ்சும்?

பணம் போகும் நேரத்தையும் பாருங்கள். பீஸ் கட்டச் சொல்வது ஜூன் மாதம். ஆடிப் பட்டத்துக்கு உழவு, எரு, விதை என்று காசு வேண்டிய நேரமும் அதுதான். அதனால் விதைக்கு எடுத்து வைத்த கடலைக்காய் வியாபாரியிடம் போகிறது. நகை அடகுக்குப் போகிறது. வெள்ளாட்டுக் கிடாய் விலை பேசாமலேயே போகிறது. ரசாயனத்தில் இருந்து மாறுகிற நிலம் முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சலில் கொஞ்சம் சுணங்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சுணக்கத்தைத் தாங்குவதற்கு வீட்டில் ஒரு இடைவெளி வேண்டும். ஜூன் மாதம் பீஸ் கட்டியாக வேண்டிய வீட்டில் அந்த இடைவெளி இருக்காது. என் பங்காளி வீட்டில் கேட்டேன். "மாறணும்னுதான் ஆசை. பசங்க படிச்சு முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவருடைய சின்னவன் இப்போதுதான் யு.கே.ஜி.

அப்புறம் அந்தப் பிள்ளை ஏழே காலுக்குப் போனால் திரும்பி வருவது சாயங்காலம் ஐந்தரைக்கு. வந்ததும் வீட்டுப்பாடம், தூக்கம். வரப்பு, வாய்க்கால், மாட்டுக் கொட்டகை எதையும் அது வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. பிறகு "இந்தக் காலத்துப் பசங்களுக்கு விவசாயத்துல ஆர்வமே இல்ல" என்று கூட்டத்தில் பேசி என்ன பயன்?

வேன் ஏறுவதற்குப் பெற்றோர் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. முதல் காரணம் இங்கிலீஷ். நம்ம பிள்ளை நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து பேச வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. அதை ஊர்ப் பள்ளியிலேயே கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, "அஞ்சு கிளாசுக்கு ரெண்டு டீச்சர் எப்படிங்க பாடம் நடத்துவாங்க?" என்பது. இது நியாயமான கேள்வி. சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ அலுவலக வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்தான். இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. கூடுதல் ஆசிரியர் கேட்டு நாங்கள் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

ஆனால் பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் படிப்பது என்பதே குறை என்று நினைக்காதீர்கள். ஆந்திரத்தில் ரிஷிவேலி பள்ளியைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளில், இப்படிப்பட்ட வகுப்புக்காகவே அட்டைகளும் ஏணிப்படி முறையும் உருவாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும், பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும். அந்த முறையைத் தழுவித்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் வந்தது. ஊடுபயிர் போட்ட காட்டில் தட்டையும் சோளமும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக வளர்வதை நம்புகிற நமக்கு இது புரியாதா என்ன?

இனி எங்கள் பள்ளிச் செய்தி கொஞ்சம் சொல்கிறேன். பள்ளிக்குப் பின்னால் ஆறு சென்ட் இடம் சும்மா கிடந்தது. பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர், தட்டு கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரு மூலையில் தேங்கி கொசு பிடித்தது. அந்தத் தண்ணீரைச் சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். இன்றைக்கு அங்கே முருங்கை நாலு, வாழை ஆறு, பப்பாளி இரண்டு, கீரைப் பாத்தி, வேலியில் அவரையும் பீர்க்கும். விதை எங்கள் வீடுகளில் இருந்து போனது. மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நட்ட தேதி, முளைத்த தேதி, பறித்த எடை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார்கள். ஆசிரியை அதிலேயே கூட்டலும் கழித்தலும் சராசரியும் சொல்லித் தருகிறார். பீர்க்கங்கொடியில் வண்டு வந்தபோது இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல் தயாரித்ததும் பிள்ளைகள்தான். எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு கரைசல் என்பது அவர்களுக்கு விகிதக் கணக்கு. ஆண்டு விழாவில் நாடகம், டான்சோடு, ஊரில் இருக்கும் விதைகளையும் ஒரு மேசையில் பரப்பி வைத்தார்கள். தன் வீட்டு விதையைப் பற்றிப் பேச, என்றைக்கும் வாய் திறக்காத ஒரு பாட்டி மைக் பிடித்தார்.

சத்துணவுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் இருந்து வருகிறது. காய்கறி மட்டும் உள்ளூரில் வாங்குவது. அதைச் சந்தையில் வாங்காமல் எங்களிடம் வாங்க அமைப்பாளர் ஒத்துக்கொண்டார். பெரிய லாபம் ஒன்றும் இல்லை, சந்தை விலைதான். ஆனால் மருந்து அடிக்காத கத்தரிக்காயும் கீரையும் 19 தட்டில் விழுகிறது. நகரத்து அங்காடிக்கு நஞ்சில்லா உணவை பேக் பண்ணி அனுப்புகிற நாம, 200 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருந்தால் நம்ம கொள்கைக்கு என்ன மரியாதை?

விஷமும் பள்ளிச் சமையலறையும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில், ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கவே கூடாது என்று 2005-லேயே தடை செய்த மருந்து அது. மருந்து டப்பா வீட்டுக்குள், திண்ணையில், எண்ணெய்க் கேனுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஊர்களில் இப்படி நடக்க ஒரு நிமிஷ அஜாக்கிரதை போதும். எங்கள் பள்ளிச் சுவரை ஒட்டி இருக்கும் இரண்டு ஏக்கரில் பள்ளி நேரத்தில் மருந்து அடிப்பதில்லை என்று அந்த நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சட்டம் பேசி வாங்கியதல்ல. அவருடைய பேரன் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படிக்கிறான். பிள்ளைகள் ஊரில் படித்தால்தான் இந்தப் பேச்சுக்கே இடம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வேனில் போகும் 22 பேர் யார், பள்ளியில் மிச்சம் இருக்கும் 19 பேர் யார் என்று பார்த்தால் சாதி பளிச்சென்று தெரிகிறது. பல ஊர்களில் அரசுப் பள்ளி "காலனிப் பள்ளிக்கூடம்" ஆகிவிட்டது. சமைக்கும் பெண்ணின் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த செய்திகளையும் நாம படித்தோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பானைச் சோற்றை ஒரே வரிசையில் சாப்பிட்ட ஊரில் நாளைக்குப் பொதுக் கிணறு, பொது விதை வங்கி, கூட்டு விற்பனை என்று பேச முடியும். எட்டு வயதிலேயே பிரித்துவிட்டு, நாற்பது வயதில் உழவர் குழு ஆரம்பிக்கலாம் வாங்க என்றால் யார் வருவார்?

பள்ளியில் விவசாயம் என்றதும் சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953-ல் ராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் குடும்பத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் முதல்வர் ஆனதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயம். அதனால் நாம கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். குடியானவன் பிள்ளை குடியானவனாகவே இருக்கட்டும் என்று நாம கேட்கவில்லை. பள்ளி நேரம் முழுவதும் பள்ளிதான். டாக்டர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரு விதை எப்படி முளைக்கிறது, மண்ணில் என்ன உயிர் இருக்கிறது, தான் சாப்பிடும் சோறு எங்கே இருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளட்டும் என்கிறோம். படித்து எங்கே வேண்டுமானாலும் போகட்டும். விவசாயத்துக்கு வர நினைப்பவர் விரும்பி வரட்டும்.

படிப்பு வீணாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. வேளாண் கல்லூரிக்கு நம்ம வீட்டுப் பிள்ளை போவதற்கான வழியும் அரசுப் பள்ளி வழியாகவே போகிறது.

பள்ளியை யார் காப்பாற்றுவது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஒரு அதிகாரத்தை நம்ம கையில் கொடுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் பொறுப்பும் இந்தக் குழுவுக்கு உண்டு. பல ஊர்களில் இது கையெழுத்து வாங்கும் குழுவாகவே கிடக்கிறது. கூட்டத்துக்குப் போங்கள். போய், கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் இடம் காலியா, காலை உணவில் உள்ளூர்ச் சிறுதானியம் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். 2019-ல் பிள்ளைகளே இல்லாத சில பள்ளிகளை நூலகமாக மாற்ற ஏற்பாடு நடந்தது நினைவிருக்கும். நூலகம் நல்லதுதான். ஆனால் அந்தக் கட்டடத்தில் மறுபடியும் மணி அடிக்க வைப்பது லேசான காரியம் இல்லை.

நம்ம இயக்கத்துக்கு என் யோசனை மூன்று. ஒன்று, ஒவ்வொரு ஊரிலும் நம்ம உறுப்பினர் ஒருவராவது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்க வேண்டும். இரண்டு, சத்துணவுக்கான காய்கறியை நம்ம தோட்டங்களே கொடுக்க அமைப்பாளரிடம் பேச வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். மேடையில் நஞ்சில்லா உணவு, தற்சார்பு என்று பேசுகிற நாமளே நம்ம பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்க்க வேண்டும். என் மகள் இங்கேதான் நாலாம் வகுப்பு படிக்கிறாள். என் வீட்டுக்காரரும் நானும் இதைப் பற்றி நிறையப் பேசித்தான் முடிவெடுத்தோம். எல்லாரும் உடனே செய்துவிட முடியாது என்பதும் தெரியும். ஆனால் ஒரு ஊரில் நாலு வீடு சேர்ந்து முடிவெடுத்தால் அஞ்சாவது வீடு யோசிக்கும். ஒற்றை வீடாக நின்றால்தான் பயம்.

மே 1 கிராம சபை நெருங்குகிறது. ஒன்றாம் வகுப்பில் சேரும் வயதில் இருக்கும் பிள்ளைகளின் பட்டியலோடு போங்கள். பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர், சுற்றுச்சுவர், தோட்டத்துக்குத் தண்ணீர் என்று எது குறையோ அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். மறுநாள் காலையில் அந்தப் பட்டியலில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு நடை நடந்து வாருங்கள்.