குறி தவறாத மருந்தாம்!

"புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும் மருந்து" என்று ரிட்டுக்ஸிமாப் பற்றி எழுதுகிறவர்களே, காதில் பூ சுற்றாதீர்கள்!

1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தின் குறி, சிடி20 என்ற புரதம். அது லிம்போமா செல்லின் மேல் மட்டுமா இருக்கிறது? நல்ல பி செல்லின் மேலும்தான். இரண்டும் சேர்ந்தே சாகும். ஸ்டெம் செல்லில் சிடி20 இல்லாததால்தான் பி செல்கள் மறுபடி முளைக்கின்றன.

அதுவரை பல மாதங்களுக்குத் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. உள்ளே உறங்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் விழித்துக்கொண்டு கல்லீரலைக் கெடுக்கலாம். அதற்கான ரத்தப் பரிசோதனை முதல் ஊசிக்கு முன்பே அவசியம்.

நல்ல மருந்துதான், மக்களே. ஆனால் நீங்கள் பாதி உண்மை சொன்னால், மீதிக்கு விலை கொடுப்பது நோயாளி!